மதிப்புரையா, பொன்னாடையா?

மாங்காட்டில் தம் கைப்பொருள் கொண்டு நாவல் அச்சிட்ட அன்பர் ஒருவருக்கு, நூலை முழுதும் பயின்ற ஒருவர் நிறையும் குறையும் காட்டி மதிப்புரை வரைந்தார். 'நம்மவரை நம்மவரே தாழ்த்துவதா?' என்று சிலர் கொதிக்கின்றனர். கொதிப்போருள் நூலைப் பிரித்துப் பார்த்தவர் எத்தனை பேர்?

நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா' 1938இல் டாக்டர் உ.வே. சாமிநாதையரின் மதிப்புரையோடு வெளிவந்தது. இன்றும் நாம் எடுத்துச் சொல்வது அம்மதிப்புரையையே. அன்று எவரேனும் மாலையிட்டனரா என்று யார் கேட்கிறார்?

ஹதீஸ் அறிவிப்பாளரையே ஒவ்வொருவராய் எடைபோட்டு, 'இவர் நினைவாற்றல் குன்றியவர்' என்று எழுதிவைத்த இமாம்களின் நூல்களை மதரஸாக்களில் ஓதுகிறோம். அவர்கள் பகைமையாலா எழுதினர்? ஒரு கதை மட்டும் ஆய்வுக்கு அப்பாற்பட்டதோ!

பொன்னாடை போர்த்தியவர்கள் நூலை வாங்கினார்களா என்று அன்பரைக் கேட்டோம். கட்டுகள் இன்னும் அவர் வீட்டுப் பரணில்தான் இருக்கின்றனவாம்.