காற்று வழியை முதலில் பரீக்ஷியுங்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளுக்கிடையே சரக்கு லாரிகளின் பின்னால் ஊர்ந்து செல்லும் டாக்ஸியில் குளிர்ச்சி போதவில்லை என்று பிரயாணி முறையிட்டவுடன், டிரைவர் வண்டியை நேரே பட்டறைக்குக் கொண்டுவந்து "கேஸ் அடிக்கணும்" என்று நோயையும் மருந்தையும் தாமே சொல்லிவிடுவதும், நாமும் மறுபேச்சின்றிச் சிலிண்டரைத் திறந்துவிடுவதும் நம் தொழிலில் ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டன. இந்தச் சம்பிரதாயம் ஒழியவேண்டும் என்பதே எமது அபிப்பிராயம். கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகிற வஸ்து அன்று; குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, கசிவைத் தேடாமல் நிரப்புவது வாடிக்கையாளரின் பணத்தை ஆகாயத்தில் விடுவதே.

ஆனால் கொச்சியில் கேஸைக் காட்டிலும் பிரதானமான விஷயம் ஈரம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், கோயம்புத்தூரின் வறண்ட காற்றைக் குளிர்விக்கும் அதே யந்திரம், காயலோரத்தில் தன் சக்தியின் கணிசமான பகுதியைக் காற்றிலுள்ள நீரைப் பிரித்தெடுப்பதிலேயே செலவிட நேர்கிறது. ஒரு லிட்டர் நீர் கூலிங் காயிலின்மேல் படிந்து வடிவதற்கு அகற்றவேண்டிய வெப்பத்தைக் கொண்டு சுமார் 200 கனமீட்டர் வறண்ட காற்றை 10 டிகிரி குளிர்வித்துவிடலாம். ஆகவே எடவப்பாதி மழைக்காலத்தில் வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டுவது ஆரோக்கியத்தின் லக்ஷணம், சொட்டாமலிருந்தால்தான் கவலை. வடிகுழாய் அடைபட்டு அந்நீர் முன் இருக்கையின் கால்விரிப்பில் தேங்குகிறதா என்று தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட்; வேறு சிகிச்சை.

இந்த ஈரத்தினாலேயே விளையும் கோளாறு ஒன்று அநேகரை ஏமாற்றுகிறது. புறப்பட்ட அரைமணி நேரம் நன்றாகக் குளிரும்; பிறகு புளோயர் முழுவேகத்தில் இரைந்தாலும் துவாரங்களில் காற்று வரவரக் குன்றி நின்றே போகும்; சற்று நேரம் ஏ.சி.யை அணைத்துவைத்தால் மீண்டும் வரும். இது காயிலின் தகடுகளிடையே பனி உறைந்து வழியை அடைப்பதன் விளைவு. காயிலின் உஷ்ணத்தை அறியும் தெர்மிஸ்டர் பழுதாகிக் கம்ப்ரசர் ஓய்வின்றி ஓடியிருக்கலாம். அல்லது கோட்டைக் கொச்சியின் தூங்குமூஞ்சி மரங்கள் உதிர்த்த இலைத்தூளும் கிடங்குத் தூசியும் கேபின் ஃபில்டரை அடைத்துக் காற்றோட்டத்தைக் குறைத்திருக்கலாம். கேஸ் சற்றுக் குறைந்தாலும் இவ்வாறு உறைவதுண்டாகையால், இரு பக்க அழுத்தங்களையும் மானியில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது. (எலி கூடு கட்டிய புளோயர் நம் ஊரில் யாருக்கும் புதிதன்று, அதைப் பற்றி விஸ்தரிக்கவில்லை.)

மற்றவை சுலபம். புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் சுற்றினால் பெரும்பாலும் ரெசிஸ்டர். டாஷ்போர்டுக்குள் 'டக் டக்' என்று ஓசை கேட்டால் ஃபிளாப்பைத் திருப்பும் ஆக்சுவேட்டரின் பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைந்திருக்கும். ஃபிளாப்புகள் வெற்றிடத்தால் இயங்கும் பழைய வண்டிகள் சிலவற்றில் காற்று கண்ணாடிப் பக்கமே போனால் குழாயில் கசிவு. வெற்றிடம் இழந்தால் கண்ணாடியாவது தெளிவாக இருக்கட்டும் என்றே அவ்விதம் அமைத்திருக்கிறார்கள். ஓடும்போது குளிர்ந்து, ஜூ டவுன் சந்தில் நின்றதும் வெப்பமானால் கண்டென்சர் விசிறியைப் பாருங்கள். உப்புக்காற்று அரித்த கண்டென்சர் தகடுகளையும்தான்.

கசிவைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் உள்ள ஆர்-134ஏ என்னும் கேஸ், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைக் காட்டிலும் ஏறத்தாழ 1430 மடங்கு பூமியைச் சூடாக்குவது. அரைக் கிலோ கசிந்தால் எழுநூறு கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். 2016ஆம் ஆண்டின் கிகாலி உடன்பாட்டை 2021இல் நம் தேசமும் ஏற்றிருக்கிறது. அதன்படி இவ்வகை வாயுக்களின் உபயோகத்தை 2032 முதல் படிப்படியாகக் குறைத்தாகவேண்டும்.

ஆகவே தொழில் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பில்லில் 'கேஸ்' என்று எழுதுமுன், நடுத் துவாரத்தின் உஷ்ணத்தையும், இரு பக்க அழுத்தங்களையும், கசிவு கண்ட இடத்தையும் அதே பில்லில் குறித்துக் கொடுங்கள்.