டிக்கெட்டுக்குக் கொடுத்த மெயில் ஐடி... அரசு விளம்பரத்துக்கும் போகலாமா?

ரயில் டிக்கெட் புக் பண்ணத்தான் ஐஆர்சிடிசி-யில் மெயில் ஐடி கொடுக்கிறோம். அதே ஐடிக்கு அரசின் சாதனைப் பட்டியல் வந்தால்?

என்ன நடந்தது?

2020 டிசம்பர். டெல்லி எல்லையில் விவசாயிகள் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். சீக்கியர்களுக்காகப் பிரதமர் மோடி எடுத்த 13 முடிவுகளை விளக்கும் 47 பக்கக் கையேடு, ஐஆர்சிடிசி-யிலிருந்து மெயிலில் போனது. 8 முதல் 12-ம் தேதிக்குள் சுமார் 2 கோடி மெயில்கள் அனுப்பப்பட்டதாகச் செய்திகள் வெளியாகின. 'சீக்கியர்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும்தான் அனுப்பினோம்' என்றது ஐஆர்சிடிசி தரப்பு. டிக்கெட்டுக்காக வாங்கிய முகவரியை இதற்கு எடுக்கலாமா என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதோடு முடிந்ததா?

இல்லை. 2024 மார்ச்சில் பிரதமரின் கடிதத்துடன் 'விகசித் பாரத்' வாட்ஸ்அப் மெசேஜ் வந்தது. தேர்தல் நடத்தை விதிகள் அமலான பிறகும் வந்ததால், நிறுத்தும்படி மார்ச் 21-ல் ஐடி அமைச்சகத்துக்குத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. முன்பே அனுப்பியவை, சில தாமதமாகச் சேர்ந்திருக்கலாம் என்றது அமைச்சகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020-ல் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்த நோக்கத்துக்குச் சம்மதம் வாங்கினார்களோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்தலாம். மானியம், சான்றிதழ், சேவை வழங்க அரசுக்கு விலக்கு உண்டு. சாதனை விளம்பரம் அந்த வரிசையில் இல்லை.

ஏன் முக்கியம்?

தனியார் ஆப் தொல்லை கொடுத்தால் டெலீட் பண்ணிவிடலாம். ஐஆர்சிடிசி-யைத் தவிர்த்து ஆன்லைனில் ரயில் டிக்கெட் முன்பதிவு செய்ய முடியாதே!