நாற்பது லீற்றர் கடலும் நாலு காசு இலாபமும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்து வியாபாரிகள் சிலர் அண்மைக்காலமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "கடல்நீர் மீன்தொட்டி வியாபாரம் நம்ம ஊரில் எடுபடுமா?" என்பதே அது. கைத்தொலைபேசியில் பார்த்திருப்பார்கள். மேசை மீது வைக்கக்கூடிய சின்னஞ்சிறு கண்ணாடித் தொட்டி, உள்ளே முருகைக்கல், செம்மஞ்சள் நிறக் கோமாளி மீன் இரண்டு. பார்ப்பவர் மனதை இழுக்கும் காட்சிதான். விருந்தினர் விடுதி, பல் வைத்தியரின் காத்திருப்பு அறை, துணிக்கடை முகப்பு என்று வாங்கக்கூடியவர்களும் மலைநாட்டில் உண்டு. கடலையே நேரில் காணாமல் வளரும் பிள்ளைகள் நிறைந்த பிரதேசம் இது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் பதில் இதுதான்: எடுபடும். ஆனால் மீனை விற்று அல்ல, தண்ணீரை விற்று. இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்காமல் கணக்கைப் பாருங்கள்.

நமது நாடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அலங்கார மீன்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி வருகிறது. நன்னீர் மீன்கள் பெரும்பாலும் பண்ணைகளில் வளர்க்கப்படுபவை. கடல் மீன்களோ பெரும்பாலும் சுழியோடிகள் கடலிலிருந்து பிடித்து வருபவை. ஏற்றுமதியாளர் இரண்டையும் பொதியிட்டு விமானத்தில் ஏற்றிவிடுவார். மீன் இறங்கிய பின் அதைக் காப்பாற்றுவது அங்குள்ள கடைக்காரரின் பாடு. உள்ளூரில் கடை திறப்பவருக்கோ வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது. விற்ற மீன் மூன்றாம் நாள் செத்தால், வாடிக்கையாளர் நேரே கடை வாசலுக்குத்தான் வருவார். ஹட்டன் போன்ற சிறு நகரத்தில் கடையின் பெயர் கெட ஒரு வாரம் போதும்.

"சின்னத் தொட்டிதானே, சின்ன முதல்தானே" என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கேதான் ஆழம் தெரியாமல் காலை விடுகிறோம். கடல்நீர்த் தொட்டியைப் பொறுத்தவரை சிறியதுதான் கடினம். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நாற்பது லீற்றர் தொட்டியில் 1,400 கிராம். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நாலு நாளில் இரண்டு லீற்றர் ஆவியாகிப் போனால் மீதித் தண்ணீரில் உப்பின் அளவு லீற்றருக்கு 36.8 கிராம் ஆகிவிடும். அதே இரண்டு லீற்றர் 400 லீற்றர் தொட்டியில் குறைந்தால் 35.2 கிராம்தான். பெரிய தொட்டி தாங்கிக்கொள்ளும், சிறிய தொட்டி தாங்காது. குறைந்ததை உப்புத் தண்ணீரால் அல்ல, சுத்தமான நல்ல தண்ணீரால் அன்றாடம் நிரப்ப வேண்டும்.

வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரிய முதலாளிக்கு ஒரு காசோலை திரும்பினால் அது ஒரு தலைவலி. சிறு கடைக்காரருக்கு ஒரு காசோலை திரும்பினால் முதலுக்கே மோசம். கையிருப்பு குறைந்த இடத்தில் தவறுக்கு இடமில்லை. சிறு தொட்டிக்கும் அதே விதிதான்.

இனி மலைநாட்டுக்கு உரிய விடயங்களுக்கு வருவோம்.

முதலாவது குளிர். முருகைக்கல் தொட்டிக்கு 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை வெப்பம் வேண்டும். கொழும்பில் தண்ணீரைக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது, குளிர்விக்கும் இயந்திரமோ விலை கூடியது. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். இங்கே தேவைப்படுவது ஹீட்டர். அது மலிவு. நாற்பது லீற்றர் தொட்டியின் ஹீட்டர் சராசரியாக 50 வாட் இழுத்தால் நாளுக்கு 1.2 அலகு, மாதத்துக்கு 36 அலகு. பின்புறமும் பக்கங்களிலும் ரிஜிபோம் தகடு ஒட்டி, மேலே கண்ணாடி மூடி போட்டால் இது குறையும். ஒரு பெரிய ஹீட்டருக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றை வைப்பது புத்தி. ஒன்று பழுதாகி நின்றாலும் மற்றது காக்கும். ஒன்று அணையாமல் எரிந்துகொண்டே இருந்தாலும் தொட்டி உடனே வெந்துபோகாது.

இரண்டாவது மின்சாரம். காசல்ரீ, மவுசாக்கலைத் தண்ணீர் நாட்டுக்கே வெளிச்சம் தருகிறது. ஆனாலும் மழைக்காலத்தில் ஒரு மரம் விழுந்தால் நம் வீட்டில் இருட்டுத்தான். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் 13 மணிநேர மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். குளிர் இரவில் நாலு மணிநேரம் மின்சாரம் போனால் சிறு தொட்டி 3 பாகை வரை குளிர்ந்துவிடலாம். பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பும் ஒரு கம்பளிப் போர்வையும் இல்லாமல் எவருக்கும் தொட்டி விற்காதீர்கள். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. நுவரெலியாவில் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஒட்சிசன் நீரில் கரையும். ஆகவே நீரின் மேற்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டிருக்க வேண்டும்.

மூன்றாவது தண்ணீர். இதைத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. "எங்கள் ஊற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி" என்பார்கள். குடிக்க நன்றாக இருக்கலாம். ஆனால் தேயிலைத் தோட்டங்களுக்குப் போடும் யூரியா போன்ற பசளைகள் மழையோடு ஓடைகளில் கலக்கின்றன. அது தொட்டியில் பாசியை வளர்க்கும். அதைவிட ஆபத்தானது செம்பு. 1946 இல் இலங்கைத் தேயிலையைத் தாக்கிய கொப்புள நோய்க்கு எதிராகச் செம்பு கலந்த பூஞ்சண மருந்துகள் தோட்டங்களில் நீண்டகாலமாகத் தெளிக்கப்பட்டு வருகின்றன. மனிதனுக்குத் தீங்கு செய்யாத சிறு அளவுச் செம்பு கூட இறால், நத்தை, முருகை போன்ற முதுகெலும்பற்ற உயிர்களைக் கொன்றுவிடும். எனவே ஆர்.ஓ. வடிகட்டியில் சுத்திகரித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் நம்பக்கூடாது.

இங்கேதான் வியாபாரம் இருக்கிறது. சமையல் உப்பில் கடல் செய்ய முடியாது. கல்சியம், மக்னீசியம் எல்லாம் சரியான அளவில் சேர்ந்த செயற்கைக் கடலுப்பு வேண்டும். அது இறக்குமதிச் சரக்கு. 2022 இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இறக்குமதிச் சரக்கை நம்பியவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். 20 கிலோ உப்பில் ஏறத்தாழ 520 லீற்றர் கடல்நீர் கலக்கலாம். நாற்பது லீற்றர் தொட்டிக்கு வாரம் நாலு லீற்றர் தண்ணீர் மாற்ற வேண்டும். முதல் நிரப்பலையும் சேர்த்தால் வருடத்துக்கு 250 லீற்றர் போதும். அதாவது ஒரு வாளி உப்பு இரண்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரு வருடம் வரும். தனி ஆள் ஒரு வாளியை வாங்கித் திறந்து வைத்தால் மலைநாட்டு ஈரப்பதனில் அது கட்டிபட்டுவிடும். வடிகட்டியும் அளவுகருவியும் அவரிடம் இருக்காது.

கடைக்காரர் ஒரு வடிகட்டியைப் பொருத்தி, உப்பை அளந்து கலந்து, அடர்த்தியைப் பரிசோதித்து, கான்களில் அடைத்து விற்கட்டும். நிரப்பித் தரும் சுத்த நீரையும் விற்கட்டும். வெற்றுக் கானைக் கொடுத்து நிரம்பிய கானை எடுத்துச் செல்வது சமையல் எரிவாயு வாங்கும் எவருக்கும் பழக்கமானதுதான். தொட்டியை ஒருவர் ஒரு தரம்தான் வாங்குவார். மீனை எப்போதாவது வாங்குவார். தண்ணீருக்கு ஒவ்வொரு வாரமும் வருவார். மாதத்துக்கு இரண்டு தரம் விடுதிக்குப் போய்த் தொட்டியைத் துப்புரவு செய்து கொடுக்கும் ஒப்பந்தமும் சேர்ந்தால் அது நிலையான வருமானம்.

ஒரு கண்டிப்பான விதியையும் சொல்கிறேன். தொட்டி விற்ற அன்றே மீன் விற்காதீர்கள். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகிறது. அதை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்றீரியா பாறையிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். 1961 இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையையும் வெறும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே தொட்டியைப் பராமரிக்கும் முறையை அமெரிக்கச் சஞ்சிகையொன்றில் எழுதினார். இன்றைய முருகைத் தொட்டிகளின் வேர் அதுதான். அவர் முறையில் வேலையைச் செய்தது அந்தப் பாறையில் குடியிருந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். அவை குடியேறு முன் மீனை விடுவது, கூரை போடாத வீட்டுக்கு வாடகைக்காரரைக் கூட்டி வருவது போன்றது. அது தெரிந்தும் மீனைக் கட்டிக் கொடுத்தால் குறையை மறைத்து விற்றதாகவே ஆகும். நாம் அப்படி வியாபாரம் செய்யக்கூடாது. உயிருள்ள சரக்கு அமானிதம்.

கடைசியாக, மலிவாகக் கிடைக்கிறதே என்று கரையோரத்திலிருந்து முருகைக்கல்லை மூட்டையில் கொண்டுவர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது 1988 இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் தடைசெய்யப்பட்டது. கடின முருகைகள் அனைத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளவை. உயிருள்ள மீன்களின் ஏற்றுமதி இறக்குமதிக்கு 1998 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. 2004 சுனாமியில் ஹிக்கடுவையில் அலை சில மீற்றர் உயரத்தோடு அடங்கியது. அங்கிருந்து சில கிலோமீற்றர் தள்ளியுள்ள பெரலியவில் புகையிரதத்தையே புரட்டிப்போட்டு ஆயிரத்துக்கும் அதிகமானோரைக் காவுகொண்டது. பெரலியவுக்கு முன்னாலிருந்த முருகைக்கல் சட்டவிரோதமாக அகழப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2005 இல் சுட்டிக்காட்டினர். ஊருக்கு மதிலாக நின்ற கல்லை நம் கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டு விற்பது என்ன வியாபாரம்?

உலர்ந்த செயற்கைப் பாறையில் தொட்டி நன்றாகவே அமையும். கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனம்பெருக்க முடியும். பாக்கு நீரிணைக்கு அப்பால் மண்டபத்திலுள்ள இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அதைச் செய்து காட்டியிருக்கிறது. அனுமதிப்பத்திரமும் பற்றுச்சீட்டும் தருபவரிடம் மட்டும் கொள்முதல் செய்யுங்கள். ஒரு சோடி மீன், ஓர் இறால், நாலு நத்தை போதும், முருகை பிறகு பார்க்கலாம்.

இந்த வியாபாரத்தில் இறங்க விரும்புபவர் முதலில் ஒரு தொட்டியைத் தன் கடையிலேயே வைத்து, ஒரு வருடம் நடத்திப் பார்க்கட்டும். மார்கழிக் குளிரையும் தென்மேற்குப் பருவமழையையும் அது தாண்டட்டும். அதன் பிறகு விளம்பரப் பலகையே தேவைப்படாது. அந்தத் தொட்டியைப் பார்த்தே ஆட்கள் வருவார்கள். பொறுமையில்லாதவர்கள் தயவுசெய்து வேறு சரக்கைப் பாருங்கள்.