செல்லமே செல்லம்: ஆபரேஷன் முடிஞ்சாச்சு... ஆறு வாரம் பொறுங்க!

கருத்தடை ஆபரேஷன் முடிந்து ஆண் கினி பிக் வீட்டுக்கு வந்ததும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "இப்போ பொண்ணுங்களோட விடலாமா?"

கூடாது. ஆபரேஷனுக்கு முன்பே உருவான உயிரணுக்கள் உடலில் மிச்சம் இருக்கும். அதனால் ஆறு வாரம் தனிக்கூண்டுதான். 'ரெண்டு குட்டி வந்தா வரட்டுமே' என்று விட்டுவிடுகிற விஷயமில்லை இது. ஏழெட்டு மாதம் தாண்டியும் ஒருமுறைகூட குட்டி போடாத பெண்ணுக்கு இடுப்பெலும்பு இணைப்பு இறுகிப்போயிருக்கும். கினி பிக் குட்டியோ கண் திறந்து, முடி முளைத்து, பெரிதாகவே பிறக்கும். வெளியே வர வழியில்லாமல் சிக்கினால் தாயும் குட்டியும் சேர்ந்தே போய்விடும். ஆறு வாரம் இதற்காகத்தான்.

அதுவரை பக்கத்துப் பக்கத்தில் கூண்டுகளை வைக்கலாம். பார்க்கட்டும், மோப்பம் பிடிக்கட்டும். கம்பி வழியாகத் தொட முடியாத இடைவெளி மட்டும் அவசியம்.

சேர்த்துவிடும் நாளில் யாருடைய கூண்டும் வேண்டாம். ஹாலில் பழைய பெட்ஷீட் விரித்து, சுற்றி அடைத்து, நடுவில் புல்லைக் குவித்துவிடலாம். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி வைத்தால் இரண்டு பக்கமும் வாசல் வெட்ட வேண்டும். ஒரே வாசல் என்றால் உள்ளே போனது மாட்டிக்கொள்ளும். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

அப்புறம் ஆரம்பிக்கும் கூத்து! வைப்ரேஷனில் வைத்த செல்போன் மாதிரி 'குர்ர்ர்' என்று உறுமியபடி, இடுப்பை ஆட்டி ஆட்டி மாப்பிள்ளை வலம் வருவார். துரத்துவார், மேலே ஏறுவார். ஆபரேஷன் இந்தக் குணத்தையெல்லாம் மாற்றிவிடாது. பிடிக்காத பெண், திரும்பி நின்று முகத்திலேயே சிறுநீரைப் பீய்ச்சி அடிக்கும். அதைவிடத் தெளிவாக மறுப்பு சொல்ல முடியாது! இதைப் பார்த்துப் பதறிப் பிரித்தால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கவனிக்க வேண்டியது வேறு. விடாமல் பல்லை 'டகடக'வென அடிப்பது, கழுத்து முடி சிலிர்த்து நிற்பது, இரண்டும் பாய்ந்து கடிப்பது... ரத்தம் வந்தால் உடனே பிரிக்க வேண்டும். வெறும் கையை விடக்கூடாது. கடி ஆழமாக விழும். தடித்த டவலைப் போட்டுப் பிரித்து, சில நாள் ஆறவிட்டு மறுபடி முயற்சி செய்யலாம். சில மணி நேரம் கழித்து எல்லாம் ஒன்றாகப் புல் மென்றுகொண்டிருந்தால், நன்றாகக் கழுவிய பெரிய கூண்டுக்கு மாற்றிவிடலாம்.

ஒரு கூட்டத்துக்கு ஒரே ஆண் போதும். இரண்டாவது ஆணுக்கும் ஆபரேஷன் ஆகியிருந்தாலும், பெண்கள் நடுவில் விட்டால் பெரும்பாலும் அடிதடிதான்.

ஆபரேஷனுக்கு முன்பே ஒன்றாக இருந்த ஜோடி என்றால், பெண் ஏற்கெனவே சினையாக இருக்கலாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். பிறக்கும் ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் தாயிடமிருந்து பிரித்துவிட வேண்டும். அந்த வயதிலேயே அவை அப்பாவாகத் தயார்!