ஒரு வேகன் கேட்டால்

ரயில் என்றதும் நம்மவர்களுக்குப் பிரயாணி வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். கூட்ஸ் வண்டியை நினைப்பவர்கள் இரண்டே வகையினர். சரக்கு அனுப்புகிறவர் ஒருவர். நீடாமங்கலம் கேட் மூடிக் கிடக்கையில் வெயிலில் நின்று வேகன்களை எண்ணுகிறவர் மற்றொருவர். இவ்வாரம் முதலாமவரைப் பற்றிச் சிறிது பேச உத்தேசித்திருக்கிறோம்.

தஞ்சை ஜில்லாவுக்கு முதலில் ரயில் கொண்டுவந்தது கிரேட் சதர்ன் ஆப் இந்தியா என்னும் கம்பெனி. நாகப்பட்டினத்தில் தொடங்கிய பாதை 1861-ல் தஞ்சாவூரையும் மறு வருஷம் திருச்சியையும் எட்டியது. அது அகலப் பாதை. 1875-ல் அதை மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடியும் அகலமாக்கினார்கள்! தண்டவாளத்துக்கு வாயிருந்தால் என்ன சொல்லுமோ, அறியோம்.

கம்பெனிக்கு வேண்டியிருந்தவை துறைமுகமும் பெரிய ஊர்களுமே. ஜில்லாவின் தென்பகுதியில் விளைந்த நெல்லுக்கு மாட்டு வண்டியே கதி. ஆகவே ஜில்லா போர்டார், ரயிலுக்கென்றே நிலத்தின்மேல் தனி வரி போட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு சொந்தப் பாதை ஒன்று அமைத்தார்கள். மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரையில் 54 மைல். 1894-ல் திறப்பு விழா. பிறகு அது பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று நீண்டது. குடியானவனின் காசில் எழுந்த பாதை என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நல்லது.

பாதை போர்டாருடையது, எஞ்சினும் வேகனும் சௌத் இந்தியன் ரயில்வேயினுடையவை. ஓட்டுவது கம்பெனி; வரும்படியை உடன்படிக்கைப்படி பங்கிட்டுக் கொள்வது வழக்கம். 1898-ல் பிரெஞ்சுக்காரர்களும் காரைக்காலிலிருந்து பேரளத்துக்கு ஒரு பாதை போட்டு, அதையும் இதே கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். இதன் பலனைப் பாருங்கள். காரைக்காலில் ஏற்றிய மூட்டை பேரளம் வரை பிரெஞ்சுப் பாதையில் வரும். அங்கிருந்து மாயவரம் வரை ஜில்லா போர்டுப் பாதை. அப்பால் கம்பெனிப் பாதை. சொந்தக்காரர் மூவர், கொடி இரண்டு. ஆயினும் கேஜ் ஒன்றானபடியால் மூட்டையை நடுவழியில் இறக்க வேண்டியதில்லை. கேஜ் மாறும் ஜங்ஷனில் கதையே வேறு. அங்கே ஒவ்வொரு மூட்டையும் கொக்கி குத்துப்பட்டு, ஆள் முதுகேறி, பாதி நெல்லைத் தரையில் சிந்திவிட்டு அடுத்த வேகனுக்குள் போகும். கூலியும் நாளும் அனுப்பினவன் தலையில்.

இன்று கேஜ் தொல்லை தீர்ந்தது. சொந்தக்காரரும் ஒருவரே, சர்க்கார். ஆனால் வேறொரு தொல்லை முளைத்திருக்கிறது. அக்காலத்தில் வியாபாரி ஒரே ஒரு வேகன் கேட்டாலும், சிறு ஸ்டேஷனில் அதை நிறுத்தி, நிறைத்து, அடுத்த வண்டியில் கோத்து அனுப்புவார்கள். 1980களிலிருந்து ரயில்வேயார் இந்தச் சில்லறைச் சரக்கைக் கைவிட்டு, முழு வண்டிச் சரக்கையே விரும்பலானார்கள். அரவைக்காக இங்கிருந்து வெளி ஜில்லாக்களுக்குப் போகும் நெல்லுக்கு இது பொருத்தமே. 42 வேகனில் சுமார் 2,000 டன் ஏற்றுவது சர்க்கார் ஸ்தாபனத்துக்குக் கஷ்டமன்று. காரைக்கால் துறைமுகத்து நிலக்கரிக்கும் அப்படியே.

அகஸ்தியம்பள்ளி உப்பளக்காரர் என்ன செய்வார்? 1930-ல் ராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து நடந்தே வந்து உப்பெடுத்த வேதாரண்யக் கரை அது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அங்கே செல்லும் 37 கிலோமீட்டர் பாதை 2004-ல் மூடப்பட்டு, 2023 ஏப்ரலில்தான் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. உப்பு ஏற்றுமதிக்கு உதவும் என்று சர்க்காரே அப்போது அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் சிறிய உப்பளக்காரரிடம் 42 வேகனை நிரப்பும் சரக்கு ஏது? லாரிக்காரரிடந்தான் போவார், போகாதிருக்க முடியாது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1980-ல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பின், பெரிய கம்பெனிகள் லாபமில்லை என்று தள்ளிய கிளைப் பாதைகளைச் சிறு கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. இப்போது சுமார் 600 இருக்கின்றன. ஆலைக்கு ஆலை போய் இரண்டு வேகன், மூன்று வேகனாகச் சேகரித்து, ஜங்ஷனில் பெரிய ரயில்வேயிடம் ஒப்படைப்பதே அவற்றின் தொழில். நம் ஊரில் கம்பெனி வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. உப்பளக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, திருத்துறைப்பூண்டியில் ஒரு கிடங்கு, பத்து வேகன் சேர்ந்தால் மாதம் இரு முறை எடுத்துச் சென்று வேறு கூட்ஸ் வண்டியுடன் கோப்பதற்கு ரயில்வேயாருடன் ஓர் உடன்படிக்கை: இவ்வளவுதான் கேட்கிறோம். 1894-ல் ஜில்லா போர்டு செய்த காரியத்தில் இது கால் பங்குகூட ஆகாது.