சோதனைப் பதிப்பு நமக்கு எதுக்கு என்கிறீங்களா?

புரோகிராம் எழுதுகிற எடிட்டர்களில் விஷுவல் ஸ்டுடியோ கோட் பலருக்கும் தெரிந்தது. அதன் மூலநிரலை மைக்ரோசாஃப்ட் 2015 நவம்பரில் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டது. அதற்கு இன்சைடர்ஸ் என்று பச்சை ஐகானோடு இன்னொரு பதிப்பும் உண்டு. புதுசாகச் செய்த மாற்றங்கள் முதலில் அதில்தான் வரும். குழம்பு கொதிக்கும்போதே உப்புப் பார்க்கிற மாதிரி.

"அதெல்லாம் என்ஜினீயர்கள் வேலை" என்று நம் வகுப்பில் சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்க மாட்டேன். தமிழில் தட்டிப் பார்க்க நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்? "கொ" நமக்கு ஒரே எழுத்து. கம்ப்யூட்டரின் யூனிகோடில் அது க ஒன்று, ஒகரக் குறி ஒன்று என இரண்டு. ஆங்கிலம் மாதிரி தமிழ் எழுத்தெல்லாம் ஒரே அகலமும் இல்லை. கணக்கு கொஞ்சம் பிசகினால் கர்சர் ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று நிற்கும். இங்கிலீஷ் மட்டும் அடிக்கிறவங்க கண்ணில் இது படவே படாதே!

குறையை ஒழுங்காச் சொல்லணும். "வேலை செய்யல" என்றால் யாருக்குப் புரியும்? எந்தப் பதிப்பு, எந்த விண்டோஸ், எந்த கீயை எந்த வரிசையில் அழுத்தினோம், என்ன வந்தது, என்ன வந்திருக்கணும், எல்லாம் எழுதணும். அறிவியல் ரெக்கார்டு நோட்டு மாதிரிதான். (படம் வரையத் தேவையில்லை, ஸ்கிரீன்ஷாட் போதும்!)

பாட வேலையை மட்டும் அதில் செய்யாதீங்க. வழக்கமான பதிப்பும் பச்சையும் ஒரே கம்ப்யூட்டரில் தனித்தனியா இருக்கும். பாடத்துக்கு அது, சோதிக்க இது. லேபில் ஒரு கம்ப்யூட்டரை இதற்கு விடச் சொல்லி சாரைக் கேட்கப் போகிறேன். கூட யார் யார் வர்றீங்க?