மீதியை என்ன செய்வது?

மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்புக் குழந்தைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "சரியாகத்தானே போட்டேன், டீச்சர் ஏன் தப்பு என்று சொல்லிவிட்டார்?" நோட்டை வாங்கிப் பார்த்தால் வகுத்தல் அப்பழுக்கில்லாமல் இருக்கும். பிழை எங்கே? கடைசியில் நிற்கிற மீதியில்!

ஆம்பூர்ப் பக்கம் காலையில் போனவர்களுக்குத் தெரியும். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பெண்கள் சாப்பாட்டுப் பையும் கையுமாக வேனிலும் பஸ்ஸிலும் ஷூ தொழிற்சாலைகளுக்குப் போவார்கள். அதையே கணக்காக்குவோம். போகிறவர்கள் 100 பேர். வேன் ஒன்றுக்கு 14 பேர். எத்தனை வேன் வேண்டும்? ஈவு 7, மீதி 2. ஏழு வேனோடு நிறுத்திவிட்டால் அந்த இரண்டு பெண்கள் சாலையோரத்தில் நிற்க வேண்டியதுதான். அன்றையக் கூலியும் போயிற்று. ஆகவே விடை 8. "நெருக்கி உட்கார்ந்துகொள்ளலாமே!" என்று குழந்தை சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் கணக்கில் 14 என்றால் 14!

இந்தத் தடுமாற்றம் நம் குழந்தைகளுக்கு மட்டும் வருவதல்ல. அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் தேசிய அளவில் நடந்த சோதனை ஒன்றில் 13 வயதுப் பிள்ளைகளை இப்படிக் கேட்டார்கள்: சிப்பாய்கள் 1,128 பேர், பஸ் ஒன்றுக்கு 36 பேர், எத்தனை பஸ்? ஏறக்குறையப் பத்தில் ஏழு பேர் சரியாகவே வகுத்தார்கள். ஆனால் 32 என்று விடை எழுதியவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. "31, மீதி 12" என்று எழுதியவர்கள் அவர்களைவிட அதிகம். மீதி நிற்பது மனிதர்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

அப்படியானால் மீதி வந்தால் ஒன்றைக் கூட்டிவிட வேண்டியதுதானா? அதுவும் இல்லை. 50 ஜோடி ஷூ, பெட்டிக்கு 12 ஜோடி. ஈவு 4, மீதி 2. முழுதாக நிரம்பிய பெட்டி எத்தனை? 4. எல்லாவற்றையும் அனுப்ப எத்தனை பெட்டி? 5. கடைசிப் பெட்டியில் எத்தனை ஜோடி? 2. வகுத்தல் ஒன்று, விடைகள் மூன்று! இன்னொன்று: 50 ரூபாயை 4 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 12 ரூபாய் போக 2 ரூபாய் மிஞ்சும். அதையும் பிரித்து ஆளுக்கு 50 காசு தரலாம். ரூபாயைப் பிரிக்கலாம், ஆளைப் பிரிக்க முடியுமா?

ஆகவே, வகுத்து முடித்ததும் குழந்தையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மிஞ்சி நிற்பது எது? அதை விட்டுவிடலாமா, சேர்த்துக்கொள்ள வேண்டுமா, பிரிக்கலாமா? பிறகு விடையை வெறும் எண்ணாக இல்லாமல் முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். "எட்டு வேன் வேண்டும்" என்று எழுதும்போதே பாதித் தவறு தானாகத் திருந்திவிடும்.

எண்கள் புரியாமல் விழித்தால், 50 புளியங்கொட்டைகளைக் கொடுத்துப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் குவிக்கச் சொல்லுங்கள். தனியாக நிற்கிற அந்த இரண்டு கொட்டைகளைக் கண்ணால் பார்த்துவிட்ட குழந்தை, அடுத்த கணக்கில் மீதியை மறக்காது.